கீழிருந்து மேலாக

படம் திரையில் ஏறத் தொடங்கியதும் ஆந்தையார் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்தார்.

இருட்டறையிலேயே குடியிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். எங்கள் ஆவணக் கூடத்தின் தலைவர். தன் சொந்தக்காரரின் தாளை யாரும் தானே வாசிக்கக்கூடாது என்று விதி போட்டவரே அவர்தான். இன்று கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

தாள்கட்டில் தொங்கிய தகர வில்லையில் அப்பாவின் கைதி எண் இருந்தது.

ஆட்சி கவிழ்ந்த அன்று, போகிறவர்கள் சிறைக் காகிதங்களுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். பாதி வெந்ததும் மழை வந்து அணைத்தது. வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, அதற்கென்றே உள்ள கேமராவில் எடுத்தால் தீய்ந்த தாள் வெளுத்து, பென்சில் எழுத்து மட்டும் மேலே வரும். சிறையில் எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதினார்கள்.

அம்மா வெளியே வராந்தாவில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா உள்ளேயே செத்துப்போனார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆளையும் தரவில்லை, உடலையும் தரவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. ரொம்ப வதைத்துக் கொன்றார்களா? முப்பது வருஷமாக அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான்.

நாங்கள் தாளைக் கீழிருந்து மேலாக, வரிவரியாக வாசிப்போம். மேலிருந்து போனால் மனசு முந்திக்கொண்டு மீதியைத் தானே முடித்துவிடும். பிறகு கண்ணும் அதற்கே ஒத்து ஊதும்.

கடைசி வரியில் கையெழுத்து. அம்மா வைத்திருக்கும் அவருடைய புத்தகங்களின் முதல் பக்கத்தில் இருக்குமே, அதே கையெழுத்து. பார்த்ததும் அழுதுவிட்டேன்.

அதற்கு மேல்: கைக்கடிகாரம், பெல்ட், பேனா. பெற்றுக்கொண்டேன்.

செத்தவர் யாரும் கையெழுத்துப் போட்டுக் கடிகாரம் வாங்குவதில்லை. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். சின்னப் பிள்ளை மாதிரி, சந்தோஷத்தில்.

அதற்கு மேல்: அழைத்துச் செல்ல வந்தவர். உறவு, மனைவி.

பெயரும் இருந்தது. அது அம்மாவின் பெயர் இல்லை.

ஒளியை மாற்றி மறுபடியும் எடுத்தேன். பெயர் இன்னும் தெளிவாக வந்து நின்றது. அந்த இயந்திரத்துக்கு ஈவு இரக்கமே கிடையாது.

உச்சியில் விடுதலைத் தேதி. பிடித்துக்கொண்டு போன நாலாவது மாதம்.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம், வியாழக்கிழமை தவறாமல், அம்மா துவைத்து மடித்த சட்டையோடு அந்தச் சிறை வாசலில் நின்றாள். காவல்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். சட்டையை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். யாரோ நன்றாக உடுத்தியிருக்கிறார்கள்.

அவர் செத்தே போயிருக்கலாம் என்று நினைத்தேன். மனசார நினைத்தேன்.

ஆந்தையார் திரும்பி வந்தார். திரையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். மௌஸை வாங்கி, கையெழுத்து மட்டும் நிற்கும்படி படத்தை வெட்டி அச்சுக்கு அனுப்பினார். இத்தனை வருஷ வேலையில் ஒரு படத்தின் ஓரத்தைக்கூட வெட்டவிடாத மனுஷர்.

வெளியே வந்து அம்மாவிடம் கொடுத்தேன். மற்றதெல்லாம் எரிந்துபோய்விட்டது என்றேன்.

அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். கோடுகளின் மேல் விரலை ஓட்டினாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"கை நடுங்கவே இல்ல பாருடி" என்றாள். "அடிச்சிருந்தா இப்படி வருமா?"

வராதும்மா என்றேன்.