நீல நூல்

சிறையின் பார்வையாளர் அறையில் மதிய வெயில் கம்பிவலை வழியாக மேசைமேல் கட்டம் கட்டமாக விழுந்து கிடக்கிறது. பாலம் இடிந்ததற்கு முந்தைய நாளே, அது இடியப்போகிறது என்று போலீசுக்குப் போன் செய்து சொன்னவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். முன்கூட்டியே தெரிந்ததால் இடித்ததே இவன்தான் என்று வழக்கு. வருங்காலத்திலிருந்து வந்தவன் என்கிறான். வக்கீலம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வக்காலத்துப் படிவத்தை நகர்த்துகிறாள். அவன் கையெழுத்துப் போடாமல் அவளுடைய கறுப்புக் கோட்டின் இரண்டாவது பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கறுப்பு நூல் கிடைக்காமல், நாலாவது படிக்கும் மகள் இன்று காலையில் நாக்கைக் கடித்துக்கொண்டு நீல நூலில் தைத்துக்கொடுத்த பொத்தான் அது.

“எல்லாம் தெரியும்னா தீர்ப்பையும் சொல்லிடுப்பா,” என்கிறாள், பேனா மூடியைத் திருகியபடி.

“விடுதலை, மேடம்.”

“பரவாயில்லையே. அப்படி என்னத்த வாதாடினேன்?”

அவன் தலையைக் குனிந்துகொள்கிறான். மேலே மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுகிறது.

“வாதாடினது உங்க பொண்ணு, மேடம். இந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தாங்க. கை, காலர் எல்லாம் புதுசா தச்சிருந்தது. இந்த நூலை மட்டும் மாத்தவே இல்ல.”

சிரிக்கப் போனவள் பாதியில் நிற்கிறாள். கை தானாகப் பொத்தானுக்குப் போகிறது. மகள் பல்லால் கடித்து அறுத்த நூல்நுனி விரலில் தட்டுப்படுகிறது.