ரொபின்சன் வீட்டு நாய்

"வெடிச் சத்தத்துக்குப் பயந்தா என்ன செய்யிறது, டொக்டர்?"

மிருக வைத்தியர் கிருஷாந்தினி நிமிர்ந்து பார்த்தார். பாப்பாமோட்டை செபஸ்தியார் கோயில் வளவில் நாய்களுக்குத் தடுப்பூசி போட வந்திருந்தார். கடைசி நாயும் போய்விட்டது. எதிரில் நின்ற ரொபின்சனிடம் நாய் இல்லை.

"உங்கட நாய் எங்கே?"

"வீட்டில. அதுக்குப் போன மாதமே ஊசி போட்டாச்சு. நாளைக்குப் பெருநாள். வெடி கொளுத்துவினம். அதுதான் கேக்க வந்தனான்."

"பயந்தா என்ன செய்யும்?"

"நடுங்கும். மூலைக்குள்ள போய் ஒடுங்கும். பிறகு ஒண்டும் சாப்பிடாது. கிட்டப் போனா என்னையும் ஆரெண்டு தெரியாது."

"சண்டைக்குள்ள இருந்ததோ?"

"ஓம். முடியுமட்டும்."

கிருஷாந்தினி மூடிய பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். "இழுத்து வெளியில எடுக்காதேங்கோ. ஏசாதேங்கோ. ஒளிக்கிற இடத்தில மெத்தெண்டு துணி விரிச்சு விடுங்கோ. யன்னல் எல்லாம் சாத்தி ரேடியோவைப் போடுங்கோ. முக்கியமா, தனிய விட வேண்டாம்."

"தடவிக் குடுக்கலாமோ? செல்லம் குடுத்தா பயம் கூடும் எண்டு சொல்லுகினம்."

"அது பிழையான கதை. கிட்ட வந்தா அணைச்சுக்கொள்ளுங்கோ. வராட்டி சும்மா பக்கத்தில இருங்கோ. நீங்கள் அந்தரப்பட்டா அதுக்கும் விளங்கும். வீட்டில வேறை ஆர் இருக்கினம்?"

"மனிசி மட்டும்."

"அவவையும் பக்கத்தில இருக்கச் சொல்லுங்கோ."

"ஓம்" என்றான் ரொபின்சன்.

தோரணம் கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்த கோயில் மூப்பர் அருட்பிரகாசத்துக்கு இதெல்லாம் கேட்டது. ரொபின்சன் தன்னிடம்தான் வரப்போகிறான் என்றும் தெரிந்தது. வந்தான்.

"மூப்பர், வெடியைக் கோயிலடியில மட்டும் கொளுத்தச் சொல்லுங்கோ. எங்கட ஒழுங்கையில வேண்டாம்."

"நாய்க்காகவோ?"

"ஓம்."

"தம்பி, சண்டை முடிஞ்சு ஊர் திரும்பி வந்து முதல் பெருநாள். செபஸ்தியார் ஒழுங்கை ஒழுங்கையா வரப்போறார். சத்தமில்லாம வந்தா அது பெருநாளோ, செத்தவீடோ?"

"டொக்டரும் சொல்லுறா."

"நாங்கள் எல்லாரும் குண்டுக்குள்ளால வந்தனாங்கள்தான். ஏன், உன்ர மனிசி பெற்றிசியாவைப் பார். ஊர் முழுக்கக் காடு மண்டிக் கிடக்கேக்க முதல் ஆளா வந்து கொட்டில் போட்டவள். அவளுக்கு இல்லாத பயம் உன்ர நாய்க்கோ?"

ரொபின்சன் அங்கிருந்து அசையவில்லை.

மூப்பர் அலுத்துக்கொண்டார். "சரி. செபஸ்தியார் சுரூபம் தூக்க ஒராள் குறையுது. நீ வந்து தோள் குடு. உன்ர ஒழுங்கையில கொளுத்தாம நான் பாத்துக்கொள்ளுறன்."

"வாக்கோ?"

"மூப்பர் சொல்லுறன்."

மறுநாள் பொழுதுபட, சுரூபப் பவனி புறப்பட்டது. முன்னால் நின்ற ரொபின்சனின் தோளில் சுரூபம் சுமக்கும் தண்டு அழுத்தியது. கோயிலடியில் முதல் கட்டு வெடித்தபோது அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் வீடு தூரத்தில் இருந்தது. அங்கே அவ்வளவாகக் கேட்டிருக்காது.

வெடிக்காரப் பெடியளிடம் மூப்பர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒரு நாய்க்காக வெடியை நிறுத்தினார் என்று ஊர் சிரிக்கும் என நினைத்தார். வீட்டுக்கு வீடு நின்று, பூமாலை வாங்கி, செபம் சொல்லி, பவனி ரொபின்சனின் ஒழுங்கைக்குள் திரும்பியது.

திரியில் நெருப்பு வைத்ததை ரொபின்சன் கண்டான்.

"டேய், வேண்டாம்."

சீனவெடிக் கட்டு படபடவென்று வெடித்தது. ரொபின்சன் தண்டைப் பக்கத்தில் வந்தவனின் தோளுக்கு மாற்றினான். சுரூபம் ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. பெண்கள் "யேசுவே" என்றார்கள். அவன் திரும்பிப் பாராமல் புகைக்குள் ஓடினான்.

"நாய்க்கு ஓடுறான்," என்று யாரோ சொல்ல, பெடியள் சிரித்தார்கள்.

மூப்பருக்குக் கோபம் வந்தது. செபஸ்தியாரை நடுவழியில் விட்டுவிட்டா ஒருவன் ஓடுவான்? பவனியை நிற்கச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். தான் வாக்குத் தவறியது நினைவில் குத்த, கோபம் இன்னும் ஏறியது. ரொபின்சனின் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"ரொபின்சன், வெளியில வா."

ஒழுங்கையில் அடுத்த கட்டு வெடித்தது. கடதாசித் துண்டுகள் முற்றத்தில் வந்து விழுந்தன.

முற்றத்து மணலில் நாய் நீட்டி நிமிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. மூப்பர் கையைத் தட்டினார். காலை ஓங்கி மிதித்ததும்தான் கண்ணைத் திறந்தது. அவரைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

இந்த நாய்க்குக் காதே கேளாது.

மூப்பர் திறந்திருந்த கதவடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். ஏச வந்தவர் மெல்லக் கதவைச் சாத்திவிட்டு, கைகளை உயர்த்தியபடி ஒழுங்கைக்கு ஓடினார்.

"நிப்பாட்டுங்கோ, இனி ஒரு வெடியும் வேண்டாம். அந்த நாய் சரியாப் பயந்து போச்சு," என்றார் மூப்பர். ரொபின்சன் பக்கத்தில் இருக்க, கட்டிலுக்குக் கீழே சுவரோடு ஒடுங்கி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடுங்கிய பெற்றிசியாவைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை.