நடுவில் ஒரு சுவர்

“ஒரு சத்தமும் இல்லீங்க ஐயா. கேட்டிருந்தா போட்டது போட்டபடி ஓடியிருக்க மாட்டேனா? எனக்குத் தங்கச்சி மாதிரி அவ!”

சாட்சிக் கூண்டில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எதிர்க் கூண்டில் நின்றவளுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

புருஷனைக் குத்திக் கொன்றவள் என்று அவளை நிறுத்தியிருந்தார்கள். குத்தியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எல்லாம் சந்தர்ப்ப சாட்சியம். சங்கிலி மாதிரி கண்ணி கண்ணியாகக் கோத்திருப்பதாக அரசு வக்கீல் பெருமைப்பட்டுக்கொண்டார்.

கோத்த அழகைத்தான் பார்க்க வேண்டுமே!

அவள் குளித்துவிட்டு வந்தபோது அவன் கூடத்தில் கிடந்தான். பின்கதவு திறந்து கிடந்தது. மூச்சு இருக்கிறதா என்று பதறிப்போய் முகத்தில் தண்ணீர் அடித்தாள். பதற்றத்தில் வாளியே கவிழ்ந்துவிட்டது.

அது ‘ரத்தக்கறையைக் கழுவினாள்’ ஆகிவிட்டது.

குளித்தது? அதுவும் கறையைப் போக்கத்தானாம்.

சரி, எதற்காகக் கொன்றாளாம்? அதற்கும் ஆதாரம் வைத்திருந்தார்கள். கைதான அன்று அவளைப் பரிசோதித்த டாக்டர், முதுகிலும் தோளிலும் இருந்த பழைய தழும்புகளை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்திருந்தார். அடி தாங்க முடியாமல் கொன்றுவிட்டாளாம்.

அடி வாங்கிய காலமெல்லாம் அது குடும்ப விஷயம். ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. அவன் செத்த பிறகு அதே தழும்பு கொலைக்குக் காரணம். அவள் முதுகே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

கடைசிக் கண்ணி இந்த அக்கா.

அரசு வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பினார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். புருஷன் ரத்தத்தில் கிடப்பதைப் பார்த்த பெண் அலறியிருந்தால் அந்தப் பக்கம் கேட்காமல் இருக்குமா? அலறவில்லை என்றால், அவளுக்கு அதில் அதிர்ச்சியே இல்லை என்றுதானே பொருள்?

இந்தக் கண்ணியும் மாட்டிவிட்டால் ஆயுள் முழுக்கச் சிறைதான்.

அலறவில்லையா! தொண்டை கிழிய அலறினாள். போலீஸ் வந்து கேட்டபோது பதில் சொல்லக் குரலே எழும்பவில்லை. அதைத்தான் ‘மௌனம் சாதித்தாள்’ என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுடைய வக்கீல் சொல்லியிருந்தார். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், மடியிலிருந்த செல்போனை.

இனி எதைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருப்பது?

கூண்டின் கம்பியை இறுகப் பிடித்தாள். அன்றைக்கு எப்படி அலறினாளோ அப்படியே அலறினாள்.

“ஐயோ, யாராவது வாங்களேன்!”

டவாலி கையிலிருந்த காகிதக் கட்டு கீழே விழுந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் விரல் அந்தரத்தில் நின்றது. நீதிபதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவளுடைய வக்கீல்கூட நிமிர்ந்து பார்த்தார்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் திரும்பவே இல்லை.

சாட்சிக் கூண்டை ஒட்டி ஒரு ஜன்னல் திறந்திருந்தது. பால் பொங்கினால் அடுப்பை அணைக்கப் போகும் கை மாதிரி, அக்காவின் கை தானாக நீண்டு அதைச் சாத்தியது.

கொக்கியையும் போட்டது.