மூன்றாம் நம்பர் பம்பு

“இந்த மூணாம் நம்பர் பம்பு வேலை செய்யல. கடைசிப் பம்புக்குப் போங்க.”

தொப்பி போட்டிருந்த பங்க் பெண், கையில் எடுத்த குழாயை மறுபடியும் அதன் இடத்திலேயே மாட்டினாள்.

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. “இப்பத்தானேம்மா முன்னாடி நின்ன ஸ்கூட்டருக்குப் போட்டே?”

“அதோட நின்னு போச்சு.”

“பெட்ரோல், ஃபுல் பண்ணுன்னு சொன்னப்ப தலையாட்டினியே. மூடியைக்கூடத் திறந்தியே!”

“மூடிட்டேன். எடுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.”

கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

புது பிக்கப். வீட்டுக்கு வந்து ஒரு நாள்தான் ஆகிறது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் ரோட்டில் போகிறவர்களின் தலை எல்லாம் கீழே தெரிகிறது. அதுவே அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பதினோரு வருஷமாக ஸ்கூட்டரில் போய் ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவர். பின் சீட்டில் மனைவி, கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவாள். காற்று பலமாக அடித்தால் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

இன்று பன்னிரண்டு கண்ணாடிகள் பின்னால் ரப்பர் வைத்த சட்டத்தில் அசையாமல் நின்றன. அவளோ முன் சீட்டில், நடுவில்.

“கையை என்ன பண்றதுன்னே தெரியலீங்க” என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அவளுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன். இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறவர். அழைக்காமலே ஏறிக்கொண்டவர்.

“மாப்பிள்ளை, ஸ்கூட்டர் ஓட்டின கை இது. ஒரே ஒரு தப்பு பண்ணு, சாவி என்கிட்ட வந்துடணும். அப்புறம் நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பாரு.”

கிளம்பும்போது ஒரு தடவை சொன்னார். பங்க்குக்குள் நுழையும்போது ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார்.

“சரி மச்சான்” என்று கண்ணாடிக்காரரும் ஒப்புக்கொண்டுவிட்டார். மனைவி மட்டும், “ஒரு தப்பும் வராதுண்ணா” என்றாள்.

அப்புறம் மச்சானுக்கு போன் வந்தது. பேசி முடித்தபோது வண்டி கடைசிப் பம்பின் வரிசையில், நாலு லாரிக்குப் பின்னால் நின்றது.

“இங்கே எதுக்கு மாப்பிள்ளை?”

“அந்தப் பம்பு ரிப்பேராம்.”

சொல்லிக்கொண்டே கண்ணாடிக்காரர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். ரிப்பேரான பம்பில் ஒரு பைக்குக்குப் பெட்ரோல் போய்க்கொண்டிருந்தது. போடுகிறவள் அவளேதான். போட்டு முடித்தவள், கடைசிப் பம்புக்காரனைப் பார்த்து ஏதோ கத்தி, இவர் வண்டியைக் கைகாட்டினாள். அவன் சிரித்தபடி கட்டை விரலை உயர்த்தினான்.

“பார்த்தியா, கிண்டல்!” என்றார் மச்சான். “புதுசா வண்டி வாங்கினவன்னா இளக்காரம். விட்டுடாதே மாப்பிள்ளை. மேனேஜர்கிட்ட சொல்லு.”

“வேண்டாங்க. பத்து மணிக்கு கிளினிக்ல கண்ணாடி இறக்கணும். முதல் ஆர்டர்” என்றாள் மனைவி.

இருபது நிமிஷம் ஆயிற்று. கடைசிப் பம்புக்காரன் ஒன்றும் கேட்காமல் டேங்கை நிரப்பினான். அதற்குள் கண்ணாடிக்காரரின் கோபமும் நிரம்பியிருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மச்சானோடு மேனேஜர் அறைக்குப் போனார். கதவுக் கண்ணாடி கோணலாக நின்றது. எவன் பொருத்தினானோ என்று அந்தக் கோபத்திலும் தோன்றியது.

மேனேஜர் அந்தப் பங்க் பெண்ணைக் கூப்பிட்டார்.

“பம்பு ரிப்பேர்னு சொன்னியா?”

“சொன்னேன் சார்.”

“ரிப்பேரா?”

அவள் ஒரு நிமிஷம் கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். பிறகு மச்சானைப் பார்த்தாள்.

“இல்ல சார். என் தப்புதான். மன்னிச்சுடுங்க.”

“உன் மேல இது ரெண்டாவது புகார். இன்னொண்ணு வந்தா நீ வேலைக்கு வரவே வேண்டாம்.”

“இப்படி நாலு கேட்டாத்தான் புத்தி வரும்” என்று திருப்தியோடு மச்சான் வண்டியைப் பார்த்து நடந்தார்.

கண்ணாடிக்காரருக்கு மட்டும் அந்தத் திருப்தி வரவில்லை. வாசலில் அவளை நிறுத்தினார்.

“ஏம்மா, நல்லா இருக்கிற பம்பை எதுக்கு ரிப்பேர்னு சொன்னே? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?”

மச்சான் தூரத்தில் போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“மூடியைத் திறந்த பிறகுதான் கவனிச்சேன் அண்ணே. உங்க வண்டி டீசல் வண்டி. ஸ்கூட்டர் ஞாபகத்துல பெட்ரோல்னு கேட்டுட்டீங்க. போட்டிருந்தா கொஞ்ச தூரத்துலயே இன்ஜின் போயிருக்கும். அதான் கடைசில இருக்கிற டீசல் பம்புக்கு அனுப்பி, டீசல் போடச் சொல்லி அவன்கிட்ட கத்தினேன். அவரு வேற ‘ஒரே ஒரு தப்பு, சாவி’ன்னு சத்தம் போட்டுக்கிட்டே வந்தாரு. அக்கா முகத்துல அவ்வளவு சந்தோஷம். அவங்க முன்னாடி உங்க தப்பை எப்படி அண்ணே சொல்றது?”

கண்ணாடிக்காரர் திரும்பி வண்டியைப் பார்த்தார்.

“ஏங்க, நேரமாச்சு!” என்று வண்டியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

“ஒரு நிமிஷம்!” என்று குரல் கொடுத்துவிட்டு, மேனேஜர் அறைக் கதவில் கை வைத்தார் அவர்.

“மச்சான், நீங்களும் உள்ளே வாங்க. தப்பு பண்ணினது யாருன்னு நான் சொல்லும்போது நீங்களும் கேட்கணும்.”