இன்று மாத்திரை வேண்டாம்

யுவராஜ் அதைப் பாசத்தால்தான் செய்தார். பாசத்தோடு கொஞ்சம் மூளையையும் சேர்த்திருக்கலாம்.

தினமும் காலையில் மனைவி நிவேதாவின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மருந்துப் பெட்டிக்குத் தர வேண்டும். அவளுடைய புற்றுநோய்ச் செல்களைப் ‘பெருகு, பெருகு’ என்று உசுப்பிவிடும் டைரோசின் கைனேஸ் என்ற நொதிகளில் அன்று எது ஆடுகிறதென்று பார்த்து, அதை அடக்கும் மாத்திரையைப் பெட்டியே செய்து தரும். அன்று அவள் அயர்ந்து தூங்கினாள். எழுப்ப மனமில்லாமல் அவர் தன் விரலையே குத்திக்கொண்டார். முப்பது வருடமாக ஒரே ரசத்தைக் குடித்து ஊறிய ரத்தம்தானே!

“நோய் அறிகுறி இல்லை. இன்று மாத்திரை வேண்டாம்!” என்று பெட்டி வீடு அதிரக் கூவியது.

பயத்தில் குளியலறைக்குள் ஒளிந்தவர் வெளியே வந்தபோது, நிவேதா சிரித்த முகமாகக் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு... அது என்னோட ரத்தம்.”

கரண்டி நின்றது. பிறகு மறுபடி ரவையைக் கிளறினாள்.

“போச்சாது போங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுதல்ல? அதுக்கே கேசரி கிண்டலாம்.”

விரலை நீட்டினாள். அதைப் பிடித்தபடி அவர் கேட்டார்:

“பயமா இருக்குதா?”

மாதக்கணக்காக அவர் கேட்டுவரும் கேள்வி. எப்போதும் ‘காப்பி ஆறுது’ என்று நழுவிவிடுவாள். இன்று அடுப்பை அணைத்தாள்.

“இருக்குதுங்க. ரொம்ப.”