மறுபரிசோதனை

விரல்கள் மடங்காமல் போனதால் தையல் வேலையை விட்டவள், நோய் உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தாள். ஆனால் பரிசோதனை அறையில் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் விரல்கள் பூப்போல மடங்கின.

"நல்லாத்தானே இருக்கீங்க?" என்று அவர் அனுப்பிவிட்டார்.

வெளியே பெஞ்சில் அவள் கணவர் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் விழித்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பியதும் நோய் மறுபடி அவளிடமே வந்துவிட்டது.

"உனக்குப் பதிலா எனக்கு வரக்கூடாதான்னு நினைச்சேன், அவ்வளவுதான்," என்றார்.

மறுபரிசோதனை நாளில் அவருக்கு அந்த நினைப்பே வரக்கூடாதென்று, பஸ்ஸில் அவள் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாள். "நீங்க பாடுறதுக்குக் கழுதை தேவலாம். கல்யாணமான நாள்லேருந்து காதைப் பொத்திக்கிட்டுதான் இருக்கேன்."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் நீட்டிய பேனா அன்று அவள் கையில் நிற்கவில்லை. உதவித்தொகை கிடைத்துவிட்டது.

திரும்பும் வழியிலும் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவளுடைய பையை மட்டும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

வீட்டு மாடிப்படி ஏறும்போது அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக் கைப்பிடியைப் பற்றின. பின்னால், அவர் கையிலிருந்து சாவி நழுவி விழுந்தது.

"கோபம் போயிடுச்சா?" என்று கேட்டபடி அவள் இறங்கிப் போய் அதை எடுத்தாள்.