அப்பா மிதித்த கரண்ட்

“காலையிலேர்ந்து பெடல் மிதிக்கிறேன், ராத்திரி லைட்டுக்கு பேட்டரியில ஒரு பொட்டு சார்ஜ் ஏறல. உன் தம்பி வாங்கிக் குடுத்த மிஷினோட லட்சணம்.”

“என் தம்பியை இழுக்காதீங்க. ஒயரைச் சரியா மாட்டினீங்களா?” என்றாள் மனைவி.

குனிந்து பார்த்தார். ஏரிக்கரையில் போட்டிருந்த அவர்கள் டென்ட்டைத் தாண்டி, ஒயர் பக்கத்து டென்ட்டுக்குள் போனது. உள்ளே எதிர்வீட்டுப் பையன் போனுக்குச் சார்ஜ் ஏற்றியபடி சொகுசாகப் படுத்திருந்தான்.

“ஏண்டா, மிதிக்கிறது நான், சார்ஜ் உனக்கா?”

“திருடல அங்கிள். உங்க பொண்ணுதான் மாட்டிவிட்டா.”

“‘விட்டா’வா? ‘விட்டாங்க’ எங்கடா போச்சு?”

அவர்கள் தெருவே அறிந்த விஷயம் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கேம்ப் போகலாம் என்று அடம்பிடித்தவளும் மகள்தான்.

கல்யாணமாகி இருவரும் வேறு ஊருக்குப் போனபோது மாமனார் கொடுத்த பரிசு அந்த மிஷின்தான்: “இனிமே நீங்களே மிதிச்சுக்குங்க.”